கூலி கேட்ட மருத்துவச்சி

ஜொகூரில் பல அம்மன் கோயில்களின் வெளிச்சுற்றில் பெரியாச்சி இருக்கிறாள். மடியில் ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறாள். வயிறு கிழிந்து, குடல் மாலையாகத் தொங்குகிறது. காலடியில் மிதிபட்டுக் கிடப்பவன் ஓர் அரசன். உயர்த்திய கையில் பச்சைக் குழந்தை. முதல்முறை பார்க்கிற பிள்ளைகள் மிரண்டுபோகும். ஆனால் பிறந்து முப்பது நாளான சிசுவைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் தேடி வருவது இவளிடம்தான்.

வல்லாள ராஜனின் பிள்ளை மண்ணைத் தொட்டால் ராஜன் அழிவான் என்றொரு வாக்கு. ராணிக்கு வலி கண்டதும் மருத்துவச்சியான பெரியாச்சியை அழைத்தார்கள். பிள்ளையைத் தரையில் படாமல் கையில் ஏந்தி எடுத்துக் கொடுத்தாள். கூலி கேட்டபோது ராஜன் மறுத்தான், அவமதித்தான், மிரட்டினான். சிலையில் நாம் பார்ப்பது அதற்குப் பிந்தைய காட்சி.

1909-இல் ஜொகூர் ரயில்பாதை முடிந்தபின் குளுவாங், சிகாமட் பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்து லயத்தில் பிள்ளை பெற்றவளுக்கு இந்தக் கதை எங்கோ நடந்ததாகப் பட்டிருக்காது. உழைப்புக்குக் கூலி மறுக்கப்படுவது என்னவென்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் இவள் இங்கே வேர்விட்டாள் என்று நான் நம்புகிறேன்.

பக்கத்து மலாய்க் கம்பத்தில் பிடான் என்னும் மருத்துவச்சி வேறொரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். பாலைவனத்திலிருந்து வந்த, சுருண்டு காய்ந்த ஒரு செடியைத் தண்ணீரில் போடுவாள். அது மெல்ல விரிய விரிய, பிரசவமும் எளிதாகும் என்பது நம்பிக்கை. நபிகளின் மகள் பாத்திமாவின் பெயர் அதற்கு. அரபு நாட்டிலோ அதே செடி மரியத்தின் கை. (அந்தத் தண்ணீரைக் குடிப்பது கர்ப்பத்துக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பாட்டி சொன்னாள் என்று குடித்துவிடாதீர்கள்.)

அந்த மரியத்தைத்தான், மேரி என்ற பெயரில், பின்லாந்து, கரேலியப் பெண்களும் கூப்பிட்டார்கள். அங்கே அந்நாளில் பிரசவம் சவுனா என்னும் வெந்நீராவி அறையில். வலி முற்றும்போது, கன்னி மேரியே வந்து துணை நிற்க வேண்டும் என்று மந்திரம் சொல்வார்கள். இப்படிப்பட்ட மந்திரங்களை ஊர் ஊராகத் திரட்டி 1880-இல் நூலாக்கிய எலியாஸ் லென்ரோட், தொழிலால் மருத்துவர்.

மேரியும் பாத்திமாவும் அருள் சுரக்கும் தாய்மார்கள். பெரியாச்சி மட்டும் தொழில்காரி. அதனால் அவள் படையலிலும், சில குடும்பங்களில், பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் இருக்கும். இலை போட்டு, மருத்துவச்சிக்குத்தான் முதலில் பரிமாறுவார்கள்.

(தொடரும்)