காலியாகத் தெரிந்த பாதை

டெல்லிக்குப் போய் வந்தவர்களுக்கு மூல்சந்த் மேம்பாலம் தெரிந்திருக்கும். அங்கிருந்து தெற்கே, சிராக் டில்லி சந்திப்பைத் தாண்டி அம்பேத்கர் நகர் வரை 5.8 கிலோமீட்டர் தூரம். 2008 ஏப்ரலில் இந்தச் சாலையின் நடுவில் பஸ்ஸுக்கு என்று தனிப் பாதை திறந்தார்கள். 2016 ஜனவரியில் அதையே இடிக்க ஆரம்பித்தார்கள். எட்டு வருடம்கூட முழுசாக ஓடவில்லை.

டெல்லிக் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த வழக்கில் பேசியவர்களில் சாலையோரக் காலனிகளின் குடியிருப்போர் சங்கங்களும் உண்டு. நம்மைப் போன்றவர்கள்தான். பெரும்பாலும் எதிர்ப்பு பக்கம் நின்றார்கள். நம் பிரதான சாலையிலும் பஸ்ஸுக்கு ஒரு பாதை ஒதுக்கலாமா, யூ டர்னை மாற்றலாமா என்றெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் காரசாரமாகப் பேசுகிறோம். பேசுவதற்கு முன் அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

யோசனை டெல்லியில் பிறந்தது இல்லை. பிரேசில் நாட்டில் குரிடிபா என்ற ஊர் 1974-லேயே பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டது. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2000 டிசம்பரில் பெரிய அளவில் செய்து காட்டியது. நம் மத்திய அரசும் 2006-ல் வெளியிட்ட தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையில், சாலையில் இடம் கொடுக்க வேண்டியது வண்டிகளுக்கு இல்லை, மனிதர்களுக்கு என்று எழுதியது. எழுதுவது சுலபம். டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் அதை ஒரு சாலையில் வரைந்து காட்டினார்கள். அம்பேத்கர் நகரிலிருந்து டெல்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர் திட்டம். அதில் முழு வடிவத்தில் வந்தது அந்த 5.8 கிலோமீட்டர்தான்.

பஸ்ஸை ஏன் நடுவில் விட்டார்கள் என்பது பலருக்குக் கடைசி வரை புரியவில்லை. நம் வாசலையே பாருங்கள். இடது ஓரத்தில்தான் ஆட்டோ நிற்கும், காய்கறி வண்டி நிற்கும், அபார்ட்மென்ட் கேட்டுக்குள் கார் திரும்பும், சைக்கிள் போகும். பஸ்ஸை அங்கே விட்டால் ஐம்பது அடிக்கு ஒரு பிரேக். நடுவில் இந்தத் தொல்லைகள் கிடையாது. ஆகவே நடுவில் பஸ், அதற்கு இருபுறமும் கார், டூவீலர், ஓரத்தில் சைக்கிள் பாதையும் நடைபாதையும் என்று பிரித்தார்கள். காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

திறந்த முதல் வாரமே அமளி. சிராக் டில்லி சந்திப்பில் கார்கள் நீளமாக வரிசை கட்டி நின்றன. டிவி சேனல்கள் கேமராவோடு வந்து இறங்கின. பஸ் பாதைக்குள் நுழையும் கார்களைத் தடுக்கவும், சாலையைக் கடப்பவர்களுக்கு வழி காட்டவும் மார்ஷல்கள் என்று ஆட்களை நிறுத்த வேண்டியிருந்தது. அப்போது டெல்லி முதல்வர் ஷீலா தீட்சித். அவருக்கு இந்தச் சாலை போல் தலைவலி கொடுத்த சாலை வேறு இருந்திருக்காது.

கார்க்காரர்கள் காட்டிய காட்சி ஒன்றே ஒன்று. "நான் இங்கே அரை மணி நேரமாக நிற்கிறேன், பக்கத்துப் பாதை காலியாகக் கிடக்கிறது, பாருங்கள்!" பார்த்தால் உண்மையிலேயே காலிதான். கேமராவும் அதைத்தான் காட்டியது.

இதை என் பழைய தொழிலை வைத்துச் சொல்கிறேன். மாதத் தொடக்கத்தில் எங்கள் கிளையில் பென்ஷன்காரர்களுக்குத் தனி கவுண்டர் போடுவோம். அதில் கூட்டம் சேராது, வருகிறவர் உடனே வாங்கிக்கொண்டு போய்விடுவார். பக்கத்து வரிசையில் நிற்பவர்கள், "அந்த ஆள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், எங்களைக் கவனிக்கக் கூடாதா?" என்று சத்தம் போடுவார்கள். சாயங்காலம் வவுச்சரை எண்ணினால்தான் தெரியும், அந்தச் சும்மா இருந்த கவுண்டரில் எத்தனை பேர் பணம் வாங்கினார்கள் என்று.

சாலையிலும் அதே கணக்கு. நீங்களே போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 60 பஸ், 3,000 பேர். ஒரு இடத்தில் நின்று பார்ப்பவர் கண்ணில் பஸ் படுவது நிமிடத்துக்கு நாலைந்து விநாடி. மீதி நேரம் வெறும் தார். அதே 3,000 பேரை காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் ஏற்றினால் 2,000 கார் வேண்டும். சிக்னல் இருக்கும் சாலையில் ஒரு பாதை வழியாக ஒரு மணி நேரத்தில் அதில் பாதிக் கார் போவதே பெரிய காரியம். நன்றாக ஓடும் பஸ் பாதை காலியாகத்தான் தெரியும். நிரம்பித் தெரிந்தால்தான் அங்கே ஏதோ கோளாறு.

இதனால் எதிர்த்தவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகாது. முதலில் சிக்னல். நடுப் பாதையில் பஸ் நேராகப் போகும்போது, வலப்பக்கம் திரும்பும் கார் அதன் குறுக்கே வர முடியாது. ஆகவே பஸ்ஸுக்கு ஒரு முறை, திரும்பும் காருக்கு ஒரு முறை என்று சிக்னலில் முறைகள் கூடின, சிவப்பு விளக்கு நீண்டது. அடுத்தது பயணிகள். பஸ் ஏற வேண்டுமானால் பாதி சாலையைக் கடந்து நடுவில் இருக்கும் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். அவசரத்தில் கடந்து அடிபட்டவர்கள் உண்டு, உயிர் போனவர்களும் உண்டு. மூன்றாவதாக, பாதை புதியது, அதில் ஓடிய பஸ்களில் பல பழையவை. அன்றைய தனியார் ப்ளூலைன் பஸ் உட்பட எல்லாப் பஸ்ஸும் உள்ளே வரலாம். இருபுறமும் தடுப்பு வைத்த பாதையில் ஒரு பஸ் பழுதாகி நின்றால் பின்னால் வருவது அத்தனையும் நிற்க வேண்டியதுதான். சைக்கிள் பாதையை மோட்டார் சைக்கிள்கள் பிடித்துக்கொண்டதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நாம் அறியாத ஊரா?

விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2012-ல் சில காலம் பஸ் பாதையில் மற்ற வண்டிகளையும் விட்டுப் பார்த்தார்கள். மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்து, தனிப் பாதை இல்லாமல் இருப்பதே மேல் என்ற முடிவைக் கொடுத்தது. அந்த ஆய்வு வண்டிகளின் தாமதத்துக்குக் கொடுத்த கனத்தைப் பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை என்று மறுதரப்பு வாதாடியது. இங்கேதான் வழக்கின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். பத்து கார் நின்றால் பத்து என்று எண்ணுகிறோம். 50 பேரோடு ஒரு பஸ் நின்றால் ஒன்று என்று எண்ணுகிறோம். எந்தத் தணிக்கையாளரும் இந்தப் பேரேட்டில் கையெழுத்துப் போட மாட்டார்.

மனுவில் இன்னொரு வாதமும் இருந்தது. காரில் போகிறவர்கள் நாட்டுக்குச் செல்வம் சேர்ப்பவர்கள், அவர்களுடைய நேரம் விலை உயர்ந்தது என்று. 2012 அக்டோபரில் வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. காரில் போகிறவர்களில் செல்வத்தை உண்டாக்குபவர் எத்தனை பேர், வெறுமனே செலவழிப்பவர் எத்தனை பேர் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை என்றார்கள் நீதிபதிகள். செல்வம் சேர்ப்பவரிடம் வேலை செய்யும் தொழிலாளியும் நேரத்துக்கு வந்து சேர வேண்டாமா என்றும் சுட்டிக்காட்டினார்கள். மனு தள்ளுபடி ஆனது.

இதே காலத்தில் அகமதாபாத்தில் வேறு கதை. 2009 அக்டோபரில் தொடங்கிய 'ஜன்மார்க்' பஸ் பாதையை அகலமான சாலைகளில் முதலில் போட்டார்கள். நெரிசலான இடங்களுக்குப் பிறகு வந்தார்கள். அதற்கென்றே வாங்கிய பஸ்கள், டிக்கெட் நிலையத்திலேயே, பஸ்ஸின் படியும் நிலையத்தின் தளமும் ஒரே மட்டம். ஜனங்கள் பார்த்துப் பழகிய பிறகு சங்கடம் குறைந்தது. டெல்லியோ நெரிசல் அதிகமான சாலையில்தான் பஸ்ஸுக்கு உதவி தேவை என்று அங்கேயே ஆரம்பித்தது. நியாயம் டெல்லி பக்கம், சாமர்த்தியம் அகமதாபாத் பக்கம் என்று சொல்வேன்.

வழக்கில் ஜெயித்த பாதை அரசியலில் தோற்றது. எடுத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்தால் கைதட்டல் கிடைக்கும் விஷயமாக அது ஆகிவிட்டிருந்தது. 2015-ல் வந்த ஆம் ஆத்மி அரசு அதே வருடம் ஜூலையில் அகற்ற முடிவு செய்தது. அடுத்த ஜனவரியில் இயந்திரங்கள் வந்தன. வேடிக்கை இதற்குப் பிறகுதான். அதே கட்சியின் அரசு 2022 ஏப்ரல் முதல் தேதியில் 15 சாலைகளில் இடது ஓரப் பாதையை பஸ்ஸுக்கும் சரக்கு வண்டிக்கும் ஒதுக்கியது. மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். இம்முறை தடுப்புச் சுவர் இல்லை, கோடு மட்டும்தான். ஆட்டோவும் நிறுத்திய கார்களும் இருக்கும் அதே இடது ஓரம்.

நம் சாலை விஷயத்தில் சங்கம் ஏதாவது கருத்து எழுதி அனுப்புவதாக இருந்தால், அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம் கேட்டுக்கு எதிரே காலை எட்டிலிருந்து ஒன்பது வரை போகும் கார், டூவீலர், ஆட்டோ, பஸ் எத்தனை, அவற்றுக்குள் தலைகள் எத்தனை என்று எண்ண வேண்டும். பஸ்ஸில் தோராயமாக எண்ணினால் போதும். நடந்து கடப்பவர்களையும் விட வேண்டாம், நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள் பலர் எதிர்ப் பக்க நிறுத்தத்தில் இறங்கித்தான் சாலையைக் கடக்கிறார்கள். மூன்று நாள் எண்ணினால் ஒரு படம் கிடைக்கும். கட்டம் போட்ட தாள் நான் தயார் செய்து வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், பஸ் பாதை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் சரி பாதியாக இருந்தால் உத்தமம், சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் பெயரும் பிளாட் எண்ணும் எழுதி வையுங்கள்.