பிறந்த வீட்டுக் கோடி

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் குலதெய்வக் கோயில் வரியைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். தலைக்கட்டு என்றால் மணமான ஆண். பல குடும்பங்களுக்கு எழுத்தில் இருக்கும் சரித்திரம் இந்த வரிநோட்டுகள்தாம். மேலூர்ப் பக்கம் எங்கள் பங்காளிகளிடம் உள்ள நோட்டில் ஐந்து தலைமுறை ஆண்கள் பிசகில்லாமல் வரிசையாக இருக்கிறார்கள். பெண் ஒருத்திகூட இல்லை.

இதைப் பொதுவான குறையாகச் சொல்லி முடித்துவிடலாம், பலரும் சொல்லியாயிற்று. என் கவலை ஸ்தூலமானது. என் அக்காவுக்கு மார்பில் கட்டி கண்டபோது டாக்டர் கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது இது இருந்திருக்காம்மா?" இல்லை என்றாள். பொய்யில்லை. கல்யாணமாகி முப்பது வருஷமான பெண்ணுக்குக் குடும்பம் என்றால் புருஷன் வீடு. அந்த வீட்டில் யாருக்கும் இல்லைதான்.

டாக்டரின் கேள்விக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பாரிஸில் பால் ப்ரோகா என்ற சர்ஜன் 1866ல் ஒரு வம்சாவளியை அச்சிட்டார். 1788ல் மார்பகப் புற்றில் இறந்த ஒருத்தியிலிருந்து அது தொடங்குகிறது. அந்த வழியில் 24 பெண்களில் 10 பேர் அதே நோயில் போனார்கள். அது அவர் மனைவியின் குடும்பம் என்பது பலருடைய அபிப்ராயம். பெயர்களை மறைத்து எழுத்துக்களாகக் குறித்தார். எழுத்தாவது இருந்தது. காரணம் ப்ரோகாவிடம் இல்லை, பட்டியல்தான் இருந்தது. 1990ல் மேரி-கிளேர் கிங் 17வது குரோமோசோமில் இடத்தைக் காட்டினார். 1994ல் பிஆர்சிஏ1 என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருஷம் பிஆர்சிஏ2. இவற்றில் பழுதுள்ள பெண்களில் 100க்கு சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரக்கூடும். (இந்த நோய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு வம்சக் கதையே கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரபணுப் பழுதால் வருவது 100க்கு 5 முதல் 10 வரைதான்.)

நம் கணக்கு இடறும் இடம் இனிமேல்தான். பழுது தாய்வழி மட்டுமல்ல, தகப்பன் வழியும் வரும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணானாலும் பெண்ணானாலும். ஆணுக்கு நோய் அபூர்வம். ஆனால் தான் வைத்திருப்பது தெரியாமலே மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். அத்தைக்கு வந்தால் 'அது வேற வீட்டுக்குப் போனவ' என்று நாம் தள்ளிவிடுகிறோம். வரிநோட்டில் வரிசையாக நிற்கும் ஆண்களில் யார் எதைச் சுமந்தார் என்பதற்கு அந்த அத்தைதான் சாட்சி. சொந்தத்தில் கட்டுவதால் வருகிறது என்ற பேச்சும் இங்கே செல்லாது. ஒரு பக்கத்துப் பழுதே போதும். அத்தை மகளைக் கட்டினால் வெளியே போன சொத்து திரும்பி வருமென்பார்கள். இதுவும் வரலாம்.

புற்றில் இறந்த ஒரு பெண்ணை நம் பக்கத்துப் பொதுச் சரித்திரம் ஞாபகம் வைத்திருக்கிறதென்றால், அது முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை. அவருக்கு வந்தது மார்பகப் புற்றல்ல. 1923ல் அவர் இறந்த துயரம்தான் 1954ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையமாயிற்று. ஞாபகம் வைத்திருந்தவளும் கூடப்பிறந்தவள்தான், புகுந்த வீடல்ல.

எங்கள் வீட்டில் இன்னொரு நோட்டு கிடைத்தது: தாத்தாவின் செய்முறைக் கணக்கு. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அந்தச் செலவை அவர் விடாமல் எழுதியிருக்கிறார். ஊர், தேதி, சேலை, மாலை, வண்டிக் கூலி. இவருடைய தங்கைகள் இருவர், ஒரு மகள். பெயர் இங்கும் கிடையாது; 'சோழவந்தான் தங்கச்சி', 'திருமங்கலத்து மகள்'. மூவருமே 50ஐத் தாண்டவில்லை என்று தேதிகளை வைத்துக் கணக்கிட முடிந்தது. எதனால் என்று எழுதவில்லை. சின்ன அப்பத்தாவைக் கேட்டேன். சோழவந்தான்காரிக்கு, "பால் கட்டிக்கிருச்சுப்பா, புண்ணாகிப் போச்சு" என்றாள். கடைசிப் பிள்ளை பால்குடி மறந்து பத்து வருஷத்துக்குப் பிறகு கட்டிய பால்!

மூன்று பேரையும் வட்டங்களாகப் போட்டு டாக்டரிடம் கொடுத்தோம். அக்காவின் ரத்தம் பரிசோதனைக்குப் போயிருக்கிறது. அதில் பழுது தெரிந்தால் அடுத்தது என் ரத்தம். நானும் ஒரு தலைக்கட்டு. எனக்கொரு மகள் இருக்கிறாள்.