அழைப்பும் ஓய்வும்: உடுவில் தரும் பாடம்

எமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியின் தொடக்கத்தை நாம் நன்றியோடு திரும்பிப் பார்க்கின்றோம். உத்தியோகம் வீட்டையும் ஆலயத்தையும் விழுங்கிவிடுகிறது என்பது இன்று நம்மிற் பலரின் முறைப்பாடு. நமக்கு முன் நடந்தவர்களும் இதே கேள்வியைச் சந்தித்தவர்களே.

அமெரிக்க இலங்கை மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. மனைவியாகவும் தாயாகவும் இருந்துகொண்டே பாடசாலையையும் நடத்திய அவர், 1833இல் 36 வயதிற் காலமானார். பின்னர் ஸ்போல்டிங் அம்மையார் அப்பொறுப்பைத் தாங்கினார். 1840இல் எலைசா அக்னியூ அம்மையார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

நியூயோர்க்கைச் சேர்ந்த அக்னியூ அம்மையார், எட்டு வயதில் பூமிசாஸ்திர வகுப்பிலே ஆசிரியை இலங்கையைச் சுட்டிக்காட்டியபோதே, தாம் மிஷனரியாக வேண்டும் என்று தீர்மானித்தாராம். ஆயினும் பெற்றோரை விட்டு அவர் புறப்படவில்லை. அவர்கள் கண்மூடும்வரை உடனிருந்தார். கப்பலேறியபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 1879வரை உடுவிலிற் பணியாற்றிய அவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றனர். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையினர் அவர் மாணவிகள். 1883இல் இறக்கும்வரை 43 ஆண்டுகள், ஒருமுறையேனும் அவர் தாய்நாடு திரும்பவில்லை. ஓய்வுக்காகப் போய்வரலாமே என்றவர்களுக்கு, நேரமில்லை என்பதே அவர் மறுமொழி.

அந்த மறுமொழியைத்தான் நாம் விழா மேடைகளில் வியந்து பேசுவோம். பெற்றோருக்காக அவர் காத்திருந்த ஆண்டுகளைப் பேசுவது குறைவு. தேவ அழைப்பு என்று தாம் நம்பிய ஒன்றையே, வீட்டுக் கடமைக்காக அவர் பிற்போட்டார். அதனால் அழைப்பு அழிந்துபோகவில்லை. வயோதிபத் தாயைப் பராமரிக்கவோ, கைக்குழந்தையை வளர்க்கவோ பதவி உயர்வை விட்டுக்கொடுத்த சகோதரிகள் நம்மிடையே பலர். தாம் பின்தங்கிவிட்டோம் என்று அவர்கள் எண்ணவேண்டியதில்லை.

ஊழியருக்கு மட்டுமன்றி, செருப்புத் தைப்பவருக்கும் பிள்ளை வளர்ப்பவருக்கும் தேவ அழைப்பு உண்டு என்று 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் போதித்தார். அரிய போதனை அது. ஆனால் வேலையே நம் மதிப்பின் அளவுகோல் ஆகிவிட்டால், அந்தப் போதனையே நமக்கு விலங்காகிவிடும். ஓய்வுநாட் கட்டளையை உபாகமத்தில் வாசித்தால் அதன் காரணம் தெளிவாகும். எகிப்தில் அடிமைகளாயிருந்ததை இஸ்ரவேலர் நினைக்கவேண்டும் என்கிறது அது. அடிமைக்கு ஓய்வுநாள் இல்லை. ஆகவே ஓய்வு என்பது சோம்பல் அன்று, விடுதலையின் அடையாளம். வேலைக்காரிக்கும் மாட்டுக்குங்கூட அக்கட்டளை ஓய்வு கொடுக்கின்றது. நாம் ஓய்வெடுக்கும் ஞாயிறன்று நம் வீட்டுச் சமையலறையில் இன்னொரு பெண் ஓய்வின்றி நின்றால், நாம் பாதிக் கட்டளையையே கைக்கொள்கின்றோம்.

வைத்தியசாலையில் இரவுக் கடமை செய்வோருக்கு ஞாயிறு கிடைக்காமற் போகலாம். அவர்கள் வேறொரு நாளை ஒதுக்கிக்கொள்ளட்டும். திரளான மக்கள் காத்திருக்கவே, ஆண்டவரும் தனித்த இடத்துக்கு விலகிச் சென்றாரல்லவா?

கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகளே, உழைக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு நாம் நன்றியுள்ளவர்கள். அவர்களின் உழைப்பைப் போற்றுவோம். அவர்கள் எடுக்காத ஓய்வை நாம் எடுத்துக்கொள்வோம். அந்த ஓய்வுநாளில் ஒரு மணி நேரத்தை, ஊரில் தனித்திருக்கும் பெற்றோருக்கோ, இளைப்பாறிய நம் ஆசிரியை ஒருவருக்கோ கொடுப்போமாக.