இந்தியாவில் பழங்கால மோட்டார் வாகனப் பதிவு

பழங்கால மோட்டார் வாகனப் பதிவு என்பது, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்காக இந்திய அரசு 2021-ஆம் ஆண்டு கொண்டுவந்த தனிப் பதிவுமுறை ஆகும். வாடகைக்கோ வணிகத்திற்கோ அல்லாமல் சொந்தப் பயன்பாட்டிற்கு வாங்கப்பட்ட வாகனங்களுக்கே இது பொருந்தும்.

பழைய எண்கள்

வாகனத்தின் எண் பலகை அது பதிவான காலத்தையும் காட்டும். மெட்ராஸ் மாநிலத்தில் பதிவான வண்டிகளின் எண்கள் 'எம்' என்ற எழுத்தில் தொடங்கின. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாறிய பின்னர், 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் எண்கள் வழக்கிற்கு வந்தன. முதலமைச்சர் எம். ஜி. ஆர். பயன்படுத்திய அம்பாசடர் காரின் டி.எம்.எக்ஸ். 4777 என்ற எண் இவ்வகையைச் சேர்ந்தது. அக்கார் சென்னை தியாகராய நகரில் உள்ள அவரது நினைவு இல்லத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், மாநிலக் குறியீட்டையும் பதிவு அலுவலக எண்ணையும் கொண்ட 'டி.என். 01' போன்ற எண்கள் வந்தன.

தனி விதியின் தேவை

1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டெல்லியில் 1964 முதல் பழங்காலக் கார்களின் அணிவகுப்பு நடந்துவந்தபோதிலும், அத்தகைய வண்டிகளைப் பதிவு செய்ய நாடு முழுவதற்குமான விதி இருக்கவில்லை. இதற்கிடையே, டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடுவதற்கு விதிக்கப்பட்ட தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2021-இல் பழைய வாகனங்களை உடைத்து அழிக்கும் கொள்கையும் அறிவிக்கப்பட்டது. இதனால் பேணிக் காக்கப்பட்ட பழங்கால வண்டியையும் பழுதடைந்த பழைய வண்டியையும் சட்டத்தில் பிரித்துக் காட்டவேண்டிய தேவை எழுந்தது.

2021-ஆம் ஆண்டு விதிகள்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தம் இப்பிரிவினையை ஏற்படுத்தியது. வாகனத்தின் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெருமளவு மாற்றப்படாமல் இருக்க வேண்டும். உரிமையாளர் படிவம் 20-இல் விண்ணப்பித்து, காப்பீட்டுச் சான்று, கட்டணம், முன்பே பதிவானதாயின் பழைய பதிவுச் சான்றிதழ், இறக்குமதி வண்டியாயின் சுங்க ஆவணம் ஆகியவற்றை அளிக்க வேண்டும். மாநில அரசு அமைக்கும் குழு வண்டியை ஆய்வு செய்யும். புதிய பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவிற்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும்.

முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகளும், பின்னர் இரண்டு எழுத்து வரிசையும், நான்கு இலக்க எண்ணும் வழங்கப்படும்.

பயன்பாட்டு வரம்பு

இப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ பயன்படுத்த இயலாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்கால வாகன அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றிற்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாட ஓட்டத்தைக் கைவிடுவதே இப்பதிவிற்கு உரிமையாளர் தரும் விலையாகும். அதற்கு ஈடாக வண்டி அழிவிலிருந்து காக்கப்படுகிறது. அது பிறந்த காலத்தைச் சொல்லும் எண்ணும் நிலைத்திருக்கிறது.