யாருக்குச் சிறை? மிருகவதையும் தண்டனையும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சில குறிப்புகள்

1

புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவர் மிருகத்தைக் கொடுமை செய்தால் அவரைச் சிறையில் போடலாமா? அமெரிக்காவில் 2007இல் இந்தக் கேள்வி நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டது. அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக் வர்ஜீனியா மாநிலத்தில் தனக்குச் சொந்தமான இடத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து நாய்ச்சண்டை நடத்தியவர். சண்டைக்கு லாயக்கில்லாத நாய்கள் அங்கே கொல்லப்பட்டன. அதில் தனக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டார். 23 மாதச் சிறை. 2009இல் வெளியே வந்தார், அதே ஆண்டு மறுபடியும் ஆடப் போனார்.

அதற்கு இரண்டாண்டு முன்பு, 2005 ஜூனில், நமது நாட்டில் முன்னாள் கிரிக்கெட் கேப்டன் மன்சூர் அலிகான் பட்டோடி மீது ஒரு வழக்கு. ஹரியானாவின் ஜஜ்ஜரில் அவரும் நண்பர்களும் போன வண்டியில் செத்த வெளிமானும் முயலும் கிடந்தன என்பது குற்றச்சாட்டு. சில நாள் ஆள் அகப்படவில்லை. பிறகு சரணடைந்தார், ஜாமீன் கிடைத்தது. 2011இல் இறந்துபோனார், அதுவரை தீர்ப்பு வரவில்லை. கிரிக்கெட் ரசிகர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'டைகர்'.

இந்த மாதிரி வழக்கு வரும்போதெல்லாம் நமக்குள் இரண்டு குரல்கள் எழுகின்றன. 'பெரிய மனுசன்னா சட்டம் கிடையாதா, உள்ளே தூக்கிப் போடு' என்பது ஒன்று. 'ஒரு நாய்க்காக, ஒரு மானுக்காக ஒரு மனுசனைக் கூண்டில் அடைப்பதா' என்பது மற்றது. முதல் குரலில் சமத்துவம் பற்றிய ஆவேசம் இருக்கிறது. இரண்டாவதில் சிறை மீதான சந்தேகம் இருக்கிறது. இரண்டையும் நாம் மதிக்க வேண்டும். ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் தாண்டிப் போகின்றன: மிருகத்தின் பெயரால் சட்டம் இதுவரை யாரைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது? தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

2

முதலில் சட்டம் பிறந்த இடம். கால்நடைகளைக் கொடுமை செய்வதற்கு எதிரான சட்டத்தை இங்கிலாந்து 1822இல் இயற்றியது. 1835இல் சேவல்சண்டை, நாயை ஏவிக் காளையைக் கடிக்கவிடுவது ஆகியவை தடைசெய்யப்பட்டன. சேவல்சண்டையில் கனவான்களும் பணம் கட்டியதுண்டு. ஆனாலும் சந்தைத் திடலில் கூடுகிற கூலிக்காரனின் பொழுதுபோக்கு என்றுதான் சட்டம் இவற்றைப் பார்த்தது. பிரபுக்கள் குதிரையேறி, நாய்க்கூட்டத்தை ஏவி நரியைத் துரத்திக் கிழிக்கவிடுவதைத் தடை செய்ய 2004 வரை ஆகியிருக்கிறது. நரிக்கு வலிப்பதும் காளைக்கு வலிப்பதும் ஒன்றுதான். நடுவே 169 ஆண்டு இடைவெளி யாருடைய விளையாட்டு என்பதைப் பொறுத்து வந்தது.

இந்தச் சட்டம் 1890இல் இந்தியாவுக்கு வந்தது. சுதந்திர இந்தியா 1960இல் புதிதாக ஒன்று இயற்றியது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி முதல்முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்று விதித்த தொகைதான். விலைவாசி எங்கோ போய்விட்டது.

இதற்குப் பக்கத்தில் 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். மாட்டைக் கொன்றால், ஊனமாக்கினால் 429ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. அப்பாடா, மாட்டின் உயிருக்கு மதிப்பிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் குற்றத்தின் பெயர் 'சேதம் விளைவித்தல்'. மாட்டுக்காரனுக்கு நேர்ந்த நட்டம்தான் அங்கே குற்றம். அதனால்தான் மாடு போன்றவற்றைத் தவிர்த்த மற்ற மிருகங்களுக்கு 10 ரூபாய் மதிப்பு, 50 ரூபாய் மதிப்பு என்று விலைகட்டி தண்டனையைப் பிரித்தார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இந்த விலைக்கணக்கை எடுத்துவிட்டது. ஆனால் 325ஆம் பிரிவிலும் குற்றம் 'சேதம்' என்ற தலைப்பின் கீழேதான் இருக்கிறது. ஆக, அடுத்தவன் மாட்டைக் கொன்றால் ஐந்தாண்டு. தன் மாட்டை அடித்தே குற்றுயிராக்கினால் 50 ரூபாய். சட்டத்தின் கண்ணில் மாடு இன்னமும் ஒரு சொத்து.

3

இந்தச் சொத்துக் கருத்தியல் நம் பகுதியில் என்ன செய்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் பிறமலைக் கள்ளர்கள் பல ஊர்களுக்குக் காவல்காரர்களாக இருந்தவர்கள். களவுபோன மாட்டைத் துப்புத் துலக்கி மீட்டுத் தருவதற்கு வாங்கும் பணம் துப்புக்கூலி. காவலும் களவும் பின்னிக்கிடந்த இந்த ஏற்பாட்டை யோக்கியமானது என்று நான் சொல்லவில்லை. மாட்டைப் பறிகொடுத்த குடியானவனுக்கு அது பெரிய அடி. 1896இல் மதுரை, திண்டுக்கல் பக்கம் குடியானவர்கள் கள்ளர் காவலுக்கு எதிராகக் கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் காலனிய அரசு எடுத்த முடிவைப் பாருங்கள். களவாடியவனைத் தேடுவதற்குப் பதிலாக ஒரு சாதியையே குற்றப் பட்டியலில் ஏற்றியது. 1911இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் அடுத்த சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. நம் கிழவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரி ஊரைவிட்டு நகர முடியாது, நகர்ந்தால் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் ஒழிந்தது.

இதே காலத்தில் மாட்டைச் சாட்டையால் உரித்தெடுத்தவனுக்கு 1890இன் சட்டப்படி அபராதம், மிஞ்சிப்போனால் சில மாதச் சிறைதான். மாட்டைத் திருடக்கூடும் என்று சந்தேகிக்கப்பட்டவனுக்கோ பிறப்பே குற்றம். சிறை குற்றத்தைத் தண்டிப்பதோடு நிற்பதில்லை, குற்றவாளி என்றொரு வகையையே உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். நம்ம ஊர்க் கிழவிகள் அவரைப் படிக்காமலே அதை வாழ்ந்து பார்த்தவர்கள்.

4

வயற்காட்டிலிருந்து மலைக்குப் போனால் கதை வேறு மாதிரி ஆகிறது. காலனிய ஆட்சியில் காட்டு மிருகம் துரைகளுக்கும் ராஜாக்களுக்கும் விளையாட்டு. கம்பத்துக்கு மேலே, குமுளிக்கு அந்தப் பக்கம், இன்றைய பெரியாறு புலிகள் காப்பகத்தின் தொடக்கம் திருவிதாங்கூர் அரசு 1934இல் அமைத்த நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயம். வேட்டை ஒரு காலத்தில் வீர விளையாட்டு, கௌரவம். பட்டோடியும் ஒரு நவாப் குடும்பத்து வாரிசு என்பதை இங்கே நினைவில் வைக்கலாம். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதல் அட்டவணையில் உள்ள மிருகத்தை வேட்டையாடினால் இன்று குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு. இந்தச் சட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் வெளிமானும் சிறுத்தையும் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கடுமையான சட்டம் யார் மீது எப்படி இறங்குகிறது?

2022 செப்டம்பர் இறுதியில் பெரியகுளம் அருகே கைலாசநாதர் கோயில் மலைப்பகுதித் தோட்டம் ஒன்றின் சோலார் மின்வேலியில் சிறுத்தை ஒன்று செத்துக் கிடந்தது. தோட்டத்தின் உரிமையாளர்களில் ஒருவர் அப்போதைய தேனி நாடாளுமன்ற உறுப்பினர் ரவீந்திரநாத். முதலில் கைதானவர் அங்கே கிடை போட்டிருந்த ஓர் ஆட்டுக்காரர். பிறகு தோட்ட மேலாளர்கள். ஊரில் கூச்சல் எழுந்த பிறகு உறுப்பினருக்கு விசாரணை அழைப்பு போனது. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. அந்தக் கைதின் வரிசையை மட்டும் கவனியுங்கள்: ஆட்டுக்காரருக்கு வாசலில் போலீஸ் ஜீப், உரிமையாளருக்குத் தபாலில் கடிதம்.

2023 அக்டோபர் இறுதியில் கூடலூர் பக்கம் வண்ணாத்திப்பாறை காட்டில் ஒரு விவசாயி வனத்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மின்கம்பி வைத்து வேட்டையாட வந்தவர், கத்தியோடு தாக்க வந்தார் என்றது வனத்துறை. குடும்பத்தார் மறுத்தார்கள், நியாயம் கேட்டுப் போராடினார்கள். பட்டோடிக்குச் சரணடைய அவகாசம் இருந்தது, வக்கீல் இருந்தார், ஜாமீன் இருந்தது. அந்த விவசாயிக்கு விசாரணை என்ற ஒன்றே வாய்க்கவில்லை.

5

இனி நம் பள்ளத்தாக்கின் வீரர்கள். நமக்கு நாய்ச்சண்டை கிடையாது. பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு இருக்கிறது. வருசம் முழுக்க ஏதாவது ஊரில் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கிறது. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று மாடுகளுக்கு எத்தனை அழகான பிரிவுகள். கம்பம் நந்தகோபாலன் கோயில் தொழுவில் மாட்டுப்பொங்கல் அன்று பட்டத்துக் காளையைக் கும்பிடாத சம்சாரி குறைவு.

இந்தக் காளைக்காக 2011இலிருந்து 2023 வரை ஒரு போர் நடந்தது. மத்திய அரசு காளையைக் காட்சிப்படுத்தக்கூடாத மிருகங்களின் பட்டியலில் சேர்த்தது. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா எழுந்தது. தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. நகரத்துச் சீவகாருண்யர்களுக்கு நம் கிராமத்தான் காட்டுமிராண்டியாகத் தெரிந்தான். 1835இன் பார்வைதான் அது. பதிலுக்கு நாம் பண்பாடு, நாட்டு மாடு, இன அடையாளம் என்று பேசினோம். காளையை யார் வளர்க்கலாம், யார் பிடிக்கலாம் என்ற சாதிக் கேள்வியைத் தலித் எழுத்தாளர்கள் எழுப்பியபோது பலர் காதில் வாங்கவில்லை. மாட்டுக்கு வலிக்கிறதா என்ற கேள்வியையோ எதிரியின் கேள்வி என்று தள்ளிவிட்டோம்.

பந்தயத்துக்கு வருவோம். மைக்கில் மாட்டுக்காரர் பெயரும் ஊரும் முழங்கும். பரிசும் பெருமையும் அவருக்கு. தார்க்குச்சி பிடிக்கிற கை சாரதியுடையது. வாலை முறுக்கி, குத்தி ஓட்டுவதில் வழக்குப் போட்டால் யார் மீது போடுவார்கள்? கூலிக்கு வண்டியேறிய பையன் மீது. கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் அடிமாடு ஏற்றிப் போகிற வண்டியிலும் இதே கதை. மாட்டை நெருக்கி அடைத்து அனுப்பிய வியாபாரியை விட்டு டிரைவர்தான் பிடிபடுவார்.

6

அப்படியானால் விக் மாதிரி ஆட்களை விட்டுவிட வேண்டியதுதானா? கிடையாது. கோடீஸ்வரனுக்கு அபராதம் தண்டனையாகாது. அவன் கொடுமைக்குக் கொடுக்கும் வாடகை அது. காசு கொடுத்துக் கழற்றிக்கொள்ள முடியாத ஒன்று சிறை மட்டும்தான் என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். மிருகத்தைத் துன்புறுத்துவதை ஒரு தொழிலாக நடத்தி, அதிலே லாபமும் கேளிக்கையும் காண்கிறவன், எத்தனை கோப்பை வாங்கியவனானாலும், சிறைக்குப் போகட்டும். புகழ் அவனுக்குச் சலுகையும் ஆகக்கூடாது, கூடுதல் குற்றமும் ஆகக்கூடாது. விக் கறுப்பர் என்பதால்தான் இத்தனை ஆவேசமா என்று அப்போதே கேட்டார்கள். அதை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஒவ்வொரு பிரபலத்தின் வழக்கையும் சாக்காக வைத்து 'எல்லோருக்கும் தண்டனையைக் கூட்டு' என்று கேட்பது ஆபத்து. மிருகத்தைக் கொன்றால் ஐந்தாண்டு வரை சிறை என்று மத்திய அரசு 2022இல் ஒரு வரைவை வெளியிட்டபோது நம் நண்பர்கள் பலர் கைதட்டினார்கள். மேலே இருப்பவனை நினைத்துக் கேட்கிற தண்டனை கீழே இருப்பவன் தலையில் இறங்கும் என்பதற்கு ரேகைச் சட்டத்திலிருந்து மின்வேலி வரை இந்தப் பள்ளத்தாக்கே சாட்சி.

விக் வழக்கில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 23 மாதத்தைவிட வேறொன்று. கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர் தண்டிக்கப்பட்டது மாநிலம் தாண்டி நாய்ச்சண்டைத் தொழில் நடத்தச் சதி செய்ததற்காக. அதாவது சட்டம் கைநீட்டியது முதல் போட்டு நடத்தியவனிடம். அதோடு, மீட்கப்பட்ட நாய்களின் பராமரிப்புக்கு ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் அவர் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. வழக்கமாக இத்தகைய நாய்களைக் கொன்றுவிடுவார்கள். இந்த முறை பெரும்பாலானவை பிழைத்தன, பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தண்டனையில் நாய்க்கும் ஒரு பங்கு கிடைத்தது.

இங்கே கேட்க வேண்டியவையும் இந்த வகையில்தான் இருக்க வேண்டும். முதல் பொறுப்பு சொத்துக்காரனுக்கும் நடத்துகிறவனுக்கும், அப்புறம்தான் கூலிக்காரனுக்கு. 50 ரூபாய் அபராதம் போய், வருமானத்துக்குத் தக்க அபராதமும் அந்த மிருகத்தின் ஆயுள் முழுக்கத் தீவனச் செலவும் வர வேண்டும். தண்டிக்கப்பட்டவர் மறுபடி மிருகம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடைபோட 1960இன் சட்டத்திலேயே 29ஆம் பிரிவு இருக்கிறது. அதைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை. விசாரணையும் ஜாமீனும் பட்டோடிக்கு எப்படியோ அப்படியே ஆட்டுக்காரருக்கும் வேண்டும்.

இவ்வளவும் அரசிடம் கேட்பது. நம் ஊர்ப் பந்தயத்தில் தார்க்குச்சி வேண்டாம் என்று விழாக் கமிட்டியிடம் சொல்ல எந்தச் சட்டமும் தேவையில்லை. பண்பாட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்தவர்கள்தான் அதைச் சொல்ல முடியும். நாம் சொன்னால் ஊர் கேட்கும். நகரத்து நீதிமன்றம் சொன்னால் மறுபடி கோபம்தான் மிஞ்சும், மாட்டுக்கு ஒன்றும் கிடைக்காது.