ரெண்டு பாட்டில், ஒரே குழாய்

எங்க வண்டியூர் பக்கம் யாருக்காவது உடம்பு அசந்து போனால் டாக்டரிடம் கேட்பது இதுதான்: "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திருங்களேன்." சில சமயம் அந்த பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன பாட்டிலும் தொங்கும். கவனித்திருக்கிறீர்களா? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது எதுக்கு என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்குதான்!

1831ல் இங்கிலாந்தில் காலரா பரவியது. வில்லியம் ஓஷாக்னசி என்ற ஐரிஷ் டாக்டருக்கு அப்போது வயது 22 (நம்ம செட்டு!). நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, தண்ணீரும் உப்பும் பெருமளவு குறைந்து போயிருப்பதைக் கண்டுபிடித்தார். இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் பிழைக்கலாம் என்றார். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து தந்தி சேவையை அமைத்தவரும் இவரே.

1832ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் அதைச் செய்து பார்த்தார். சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தக் குழாயில் அரை மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல் உப்பு நீர் ஏற்றினார். அவர் தெளிந்து எழுந்தார். லாட்டாவும் அவரை ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். ஆனால் பேதி திரும்பியது, உப்பு நீரை யாரும் திரும்ப ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்துவிட்டார்.

செலவு நிற்காதவரை வரவும் நிற்கக்கூடாது. இதுதான் அந்த மரணம் சொல்லும் பாடம். ஆனாலும் இந்த முறை வெகுகாலம் ஓரங்கட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் அடர்த்தியான உப்பு நீர் ஏற்றி, காலரா சாவுகளை வெகுவாகக் குறைத்துக் காட்டினார்.

1941ல் ஆக்ஸ்போர்டில் பெனிசிலின் வந்தது. கிட்னி அதைச் சீக்கிரமே வெளியேற்றிவிடும் என்பதால், திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் குத்த முடியுமா? ஓடுகிற டிரிப்ஸ் குழாயிலேயே மருந்தையும் அனுப்பிவிட்டால் வேலை சுலபம். அதற்குத்தான் அந்தச் சின்ன பாட்டில். அதை உயரத்தில் மாட்டி, பெரிய பாட்டிலைச் சற்றுக் கீழே இறக்குவார்கள். உயரத்தில் உள்ளது முதலில் ஓடும். அது தீர்ந்ததும் பெரியது ஓடும்.

ஆனால் எல்லா மருந்தும் ஒரே குழாயில் ஒத்துப்போகாது. வலிப்புக்குத் தரும் பெனிடாயின், குளுக்கோஸில் கலந்தால் படிகமாக உறையும். செஃப்ட்ரியாக்சோன், ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் திப்பி திப்பியாகப் படியும். இப்படிப் படிந்து பச்சிளம் குழந்தைகள் இறந்ததால், 2007ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. பெரியவர்களுக்கு இவற்றை அடுத்தடுத்துத் தரலாம், ஆனால் நடுவில் குழாயை நன்றாகக் கழுவ வேண்டும்.

அதனால் நம்ம பெரியாஸ்பத்திரியிலோ வேறெங்கோ நர்ஸ் டிரிப்ஸை நிறுத்தி, சலைன் விட்டுக் கழுவி, மருந்தைப் போட்டு, மறுபடி கழுவினால், "ஏன் சிஸ்டர் நிறுத்திட்டீங்க?" என்று அவசரப்படுத்தாதீர்கள். அந்த ரெண்டு நிமிடத்தில் ஓர் உயிர் இருக்கிறது. அதன்பின் டிரிப்ஸ் மறுபடி சொட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். சொட்டவில்லை என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். லீத் மூதாட்டிக்கு அப்படிச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.