செம்மஞ்சள் பூச்சின் கதை



விளையாட்டுச் சாமான் வைப்பதற்காகப் பழைய இரும்புக் கடையொன்றில் ஒரு பெட்டி வாங்கினோம். ஏதோ உருக்குப் படகில் கயிறும் சங்கிலியும் போட்டு வைத்த பெட்டியாம். வெளியே சாம்பல் நிறம், நன்றாகத்தான் இருந்தது. திறந்தால் அடித்தகடு கறள் பிடித்துக் கையோடு உதிர்ந்தது. சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாமென்று பிள்ளைகள் அரத்தாளோடு இறங்கினார்கள். பத்து நிமிடம் போயிருக்கும். "சேர், உள்ளுக்கு செம்மஞ்சளா வருது" என்றான் ஒருவன். உடனே நிறுத்திக் கை கழுவ அனுப்பினோம்.

அந்த நிறத்துக்கு ஒரு வரலாறு உண்டு. படகின் வெளித்தகட்டைக் காற்றும் வெயிலும் காய வைக்கும். மூடிய பெட்டிக்குள் அப்படியில்லை. பகலில் சூடேறிய ஈரக்காற்று இரவில் தகட்டில் வியர்த்து நிற்கும். ஈரக்கயிறு உப்பையும் கொண்டுவரும். மூலையிலும் விளிம்பிலும் பூச்சு மெலிந்திருக்கும், கறள் அங்கேதான் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் மரக்கப்பல்களின் இடத்துக்கு இரும்புக் கப்பல்கள் வந்தபோது இதற்குக் கைகொடுத்தது செவ்வீயம். ஈய ஒட்சைட்டை ஆளிவிதை எண்ணெயில் குழைத்த செம்மஞ்சள் பூச்சு அது. வெறுமனே மூடுவதில்லை, எண்ணெயோடு சேர்ந்து உண்டாகும் ஈயச் சவர்க்காரங்கள் கறளையே தடுக்கும். சரியாகச் சுரண்டாத தகட்டிலும் பிடித்து நிற்கும். கப்பற்காரர் அதை விட மனமில்லாமல் இருந்ததில் வியப்பில்லை.

ஈயம் நஞ்சு என்பது தெரியாமல் இல்லை. 1921இல் சர்வதேச தொழில் தாபனம் ஒரு சமவாயம் செய்தது. வெள்ளீயப் பூச்சு வேலையில் 18 வயதுக்குக் குறைந்தவர்களையும் பெண்களையும் அமர்த்தக் கூடாதென்றது. ஆனால் அது வெள்ளீயத்தைப் பற்றியது. இரும்புக்கு அடிக்கும் செவ்வீயம் தப்பிக் கொண்டது.

நமது துறைமுகத்தில் அந்தக் காலத்துக் கப்பலொன்று மீண்டும் வெளியே வந்ததை வாசித்திருப்பீர்கள். 1924இல் கட்டிய 'சகாயிங்' 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சில் எரிந்தது. 1943இல் அதை மூழ்கடித்து இறங்குதுறையாக்கினார்கள். 452 அடி நீளமான அந்த உடலை 2018 மார்ச்சில் கடற்படைச் சுழியோடிகள் மிதக்க வைத்தார்கள். எல்லோரும் கப்பலைத்தான் பார்த்தோம். பழைய கப்பல் இரும்பு கரைக்கு வந்தால் பழைய பூச்சும் கூடவே வரும் என்பது நமக்கும் அப்போது தோன்றவில்லை.

இன்று நாகத்தூள் கலந்த முதற்பூச்சும் எபொக்சியும் வந்துவிட்டன. 2011இல் நமது நாட்டிலும் பெயின்ட்டில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு வர்த்தமானி மூலம் எல்லை வைத்தார்கள். அது புதிய டின்னுக்குத்தான். ஏற்கெனவே அடித்த பூச்சுக்கு எந்த வர்த்தமானி?

எங்கள் பெட்டியில் இருப்பது செவ்வீயம்தானா, வெறும் நிறமா என்று கண்ணால் சொல்ல முடியாது. இரும்பு ஒட்சைட்டுப் பூச்சென்றால் பெரும்பாலும் செங்கபிலமாக இருக்கும், இது அப்படியில்லை. ஆகவே ஈயமென்றே எடுத்துக்கொண்டோம். சுரண்டிய தூளை ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கட்டி வைத்தோம். பெட்டி இப்போது தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகளின் வாப்பாமாருக்கும் விஷயத்தைச் சொன்னோம்.

பழைய இரும்புக் கடைகளில் கேஸ் கட்டர் பிடிக்கும் தம்பிமாரில் எங்களிடம் படித்தவர்களும் இருக்கிறீர்கள். அந்தப் பூச்சுக்கு மேல் நெருப்பு வைத்தால் ஈயம் புகையாக மூச்சுக்குள் போகும். வெட்டும் கோட்டின் இரு பக்கமும் பூச்சை முதலில் ஈரமாகவே சுரண்டியெடுங்கள். துணியை முகத்தில் கட்டினால் புகை நிற்காது. வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டாம்.